அடியில் அச்சான விலாசம்

மாத்தளைக்கு மேலே எல்கடுவ மலையில் இருந்த தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சந்திரகாந்தா டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். எதைச் சொன்னாலும் "யாரு சொன்னது?" என்று திருப்பிக் கேட்கிற பழக்கம் அவளுக்கு. அடுத்த கிழமை லீவு என்று பள்ளிக்கூடத்தை நடத்துகிற அதிபர் சொன்னாலும் கேட்பாள். தோட்டத்துத் தொரை மாறிப் போகிறார் என்று கணக்கப்பிள்ளை சொன்னாலும் கேட்பாள். பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளைக்குக் கொழும்பில் நல்ல உத்தியோகம் என்று சொன்னபோதும் வாய் சும்மா இருக்கவில்லை. அந்தச் சம்பந்தம் தேத்தண்ணியோடு முடிந்தது. பிறகு வேறு சம்பந்தம் வரவுமில்லை. அவள் அதற்காக ஏங்கிப்போனதாக யாரும் பார்க்கவுமில்லை.

அந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் மாத்தளைக் கடைவீதி எரிந்தபோது அவள் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிச் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தெருப்பக்கம் வரமாட்டாங்களாம்" என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதை நம்பி, அந்த வீட்டார் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். வந்தார்கள். சந்திரகாந்தா பின்சுவரேறிக் குதித்துக் கொக்கோ மரங்களுக்குள் ஓடித் தப்பினாள். வீட்டுக்காரர் இராமசாமி மாமா தப்பவில்லை. வரமாட்டார்கள் என்று சொன்னவன் யார், அவனுக்கு எப்படித் தெரியும் என்று அன்றைக்கு ஒருவராவது கேட்டிருந்தால் முன்கூட்டியே வெளியேறியிருக்கலாம் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவேயில்லை.

பயிற்சி முடித்து, பிறந்த மலைக்கே டீச்சராகத் திரும்பி வந்தாள். பாடம் புவியியல். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு, பல்கலைக்கழகம் போக வழிவிடும் உயர்தரக் கலைப்பிரிவைக் கொண்டுவர அவளும் அதிபர் மாணிக்கவாசகமும் வலயக் கல்வி அலுவலகத்துக்கு நடந்த நடை கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் வகுப்பு வந்தது, நூலகம் வரவில்லை. நூலகம் என்று பெயர் எழுதி ஒட்டிய மர அலுமாரி ஒன்று இருந்தது. அதற்குள் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் அன்போடு அனுப்பிய இங்கிலீஷ் கதைப் புத்தகங்களும், கறையான் தின்றது போக மிஞ்சிய பழைய பாடநூல்களும் இருந்தன. மேலிடத்து உத்தரவு மட்டும் நல்ல நவீனமாக வந்தது. உயர்தரப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும். பல இடங்களில் தகவல் தேட வேண்டும். இணையத்தையும் பயன்படுத்த வேண்டும். மழை தூறினாலே கரண்ட் போய்விடுகிற பள்ளிக்கூடத்துக்கு இப்படி எழுதி அனுப்புகிறவர்களை என்னவென்று சொல்வது?

சந்திரகாந்தா முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மாத்தளைக்கு இறங்கினாள். அங்கே றாபியாவின் கொமியுனிகேஷன் இருந்தது. டெலிபோன் பேசவும் போட்டோக் கொப்பி எடுக்கவும் திறந்த கடை அது. றாபியாவின் தம்பி ஜுனைதீன் கட்டாரில் இருந்து வந்திருந்த சமயத்தில் இரண்டு கம்பியூட்டரை வைத்து இன்டர்நெட்டும் இழுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கட்டாருக்கே போய்விட்டான். புருஷனை இழந்து கடையே கதியென்று இருந்த றாபியா, தட்டித் தடவி எல்லாவற்றையும் தானே பழகிக்கொண்டாள்.

இணையத்தில் தமிழில் ஒன்றைத் தேடுவது அப்போது லேசான காரியமாக இருக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கென்று தனியாக எழுத்துரு இறக்க வேண்டும். அது இறங்கி முடிவதற்குள் பிள்ளைகள் மத்தியானத்துக்கு என்று கட்டிவந்த ரொட்டியைத் தின்று தீர்த்துவிடுவார்கள். அப்படித் தவங்கிடந்து எடுத்த முதல் பக்கமே மானத்தை வாங்கியது. நக்கிள்ஸ் மலைத்தொடர் ஊவா மாகாணத்தில் இருப்பதாக யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தான். மத்திய மாகாணத்தில், வகுப்பு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை அது. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே ஊவா என்று எழுதினார்கள். கம்பியூட்டர் சொன்னால் மலை கூட இடம் மாறத்தானே வேண்டும்! மேற்பார்வைக்கு வந்த ஆலோசகர் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சந்திரகாந்தாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றோடு ஒரு சட்டம் போட்டாள். எழுதியது யார், எப்போது எழுதியது, அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று மூன்று கேள்வி கேட்காமல் எந்தப் பக்கத்தையும் எடுக்கக்கூடாது. எடுத்தால், அச்சிடும்போது தாளின் அடியில் தானாக விழுகிற இணைய விலாசத்தையும் தேதியையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்க்கலாம் என்ற உரிமையை வாசிக்கிறவனுக்குக் கொடுக்காத எழுத்து எழுத்தே இல்லை என்பாள். போகப்போக வேறு பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் அவளிடம் வந்து, எந்தத் தளத்தை நம்பலாம், எதைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு போனார்கள். அப்போதெல்லாம் அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வாழ்க்கையில் அவள் மிகவும் நிறைவாக இருந்தது அந்த இரண்டு, மூன்று வருஷந்தான்.

றாபியாவின் கடையில் வேறு ஒரு சட்டம் இருந்தது. இரண்டாயிரத்து ஆறில் வடக்கில் சண்டை மறுபடி மூண்டு, பொலிஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திப் பையைக் கிளறத் தொடங்கிய பிறகு வந்த சட்டம். தமிழ்ப் பக்கம் எதை அச்சிட்டாலும், றாபியா கோடு போடுகிற அடிமட்டத்தை வைத்து, அந்த விலாசம் விழுந்த அடி விளிம்பை பிளேடால் ஓர் இழுப்பு இழுத்து வெட்டிவிட்டுத்தான் தாளைக் கையில் கொடுப்பாள். சமையல் குறிப்பானாலும் வெட்டுத்தான், கோவில் வரலாறானாலும் வெட்டுத்தான். வருகிறவர்களுக்கும் அது பழகிப்போனது. தன் வகுப்புப் பிள்ளைகளுடைய தாள்களை மட்டும் வெட்டச் சந்திரகாந்தா விடமாட்டாள். இதற்காக இரண்டு பேருக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாக்குவாதம் நடக்கும். டீச்சர் பிடித்த பிடி விடாதவள் என்பதால் கடைசியில் றாபியாதான் பிளேடைக் கீழே வைப்பாள்.

தவமலர் அந்த உயர்தர வகுப்பில் படித்த பெண். அப்பன் நாகமுத்துவுக்குத் தேயிலைக் கொழுந்தை எடைபோடுகிற மடுவத்தில் வேலை, அம்மா அழகம்மா கொழுந்தெடுக்கிறவள். பேச்சு அதிகம் இல்லாத பிள்ளை. ஆனால் கேள்வி கேட்பதில் டீச்சரையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். இவள் கட்டாயம் பல்கலைக்கழகம் போவாள், இந்த மலையில் இருந்து போகிற முதல் பெண் இவளாக இருப்பாள் என்று சந்திரகாந்தா மனதுக்குள் எழுதியே வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளை இல்லாதவளுக்கு அப்படி ஓர் ஆசை வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செயற்றிட்டத்துக்குத் தவமலர் தேர்ந்தெடுத்த விஷயம், மலையகத்துத் தோட்டங்களில் இருந்து வடக்கே வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள். நாகமுத்துவின் கூடப்பிறந்த காத்தாயி, எழுபத்தேழுக் கலவரத்தில் அடிவாங்கிக் குடும்பத்தோடு கிளிநொச்சிப் பக்கம் போனவள். தவமலர் அந்த அத்தையைக் கண்ணால் கண்டதில்லை. சண்டையில் வடக்குப் பாதையை மூடிய பிறகு கடிதமும் நின்றுபோய்விட்டது. படிப்புக்குப் படிப்பும் ஆயிற்று, அத்தை எப்படி வாழ்கிறாள் என்று தெரிந்துகொண்டதும் ஆயிற்று என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கலாம்.

பாடநூலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசாங்கப் புள்ளிவிபரத்திலும் அகப்படவில்லை. பல சனிக்கிழமை தேடிய பிறகு ஒரு பக்கம் கிடைத்தது. எந்தத் தோட்டத்து ஆட்கள், எந்த வருஷம், எந்தக் குடியேற்றத்துக்குப் போனார்கள், எத்தனை குடும்பம் என்று அட்டவணை போட்டு, கீழே ஆதாரங்களையும் வரிசையாகக் கொடுத்திருந்தது. எழுதியவர் பெயர் இருந்தது, ஆண்டு இருந்தது. மூன்று கேள்விக்கும் அதுவரை எந்தப் பக்கமும் இவ்வளவு சுத்தமாகப் பதில் சொன்னதில்லை.

"அத்த இருக்கிற ஊரு பேரு இதுல இருக்குங்க டீச்சர்" என்றாள் தவமலர்.

தாள் வெளியே வந்ததும் றாபியா அடியைப் பார்த்தாள். அந்த விலாசம் வடக்கில் இருந்து சண்டை போடுகிறவர்கள் பக்கத்தது என்று செய்திகளில் அடிபட்ட விலாசம். உடனே அடிமட்டத்தை எடுத்தாள். சந்திரகாந்தா அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"விலாசத்த வெட்டுனா இது எங்கேருந்து வந்ததுன்னு கேக்கிறவங்களுக்கு என்ன சொல்றது றாபியா? இந்தப் பிள்ளை இட்டுக்கட்டி எழுதினான்னு சொல்லிருவாங்க."

"கேக்கிறவங்க எல்லாருமே வாத்திமாரா டீச்சர்? ரோட்டுல நிக்கிறவனும் கேப்பானே. அல்லாவுக்காகச் சொல்றேன், வெட்டி எடுத்துருவோம்."

தளத்தை நடத்துகிறவன் யாராக இருந்தால் என்ன, கட்டுரையில் இருப்பது குடும்பக் கணக்குத்தானே என்று டீச்சர் வாதாடினாள். படிக்கிற பிள்ளையின் புத்தகப் பைக்குள் இருப்பது பாடம் என்று பார்த்தாலே தெரியாதா என்றாள். அவள் சொன்னதில் எதுவும் பொய் இல்லை. நல்ல ஆசிரியர் எவரும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்தக் காலத்து மாத்தளை ரோட்டில் அந்த நியாயம் செல்லாது என்பதை, இங்கிலீஷ் கூட எழுத்துக்கூட்டி வாசிக்கிற றாபியாவே தெரிந்து வைத்திருந்தாள். எண்பத்து மூன்றைக் கண்ணால் கண்ட சந்திரகாந்தாவுக்கு அது ஏன் உறைக்கவில்லை என்று நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

சில மாதம் கழித்து அந்தத் தளத்தை நாட்டுக்குள் திறக்க முடியாமல் அடைத்துவிட்டார்கள். றாபியா டெலிபோன் எடுத்துச் சொன்னாள். அந்தப் பக்கம் இப்போது வராது, அதனால் அந்தப் பிள்ளையிடம் இருக்கிற தாளைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள் என்றாள். கிழிப்பதாவது! பக்கமே இல்லாமல் போய்விட்டதென்றால் கையில் இருக்கிற அச்சுத்தாள்தானே ஒரே அத்தாட்சி என்று சந்திரகாந்தாவுக்குத் தோன்றியது. பத்திரமாக வைத்துக்கொள், தொலைத்துவிடாதே என்று தவமலருக்குச் சொன்னாள். அவளும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டாள்.

எழுதி முடித்த செயற்றிட்டத்தை அட்டை போட்டுக் கட்டுவதற்காகத் தவமலர் ஒரு நாள் காலையில் தனியாக பஸ் ஏறினாள். டீச்சருக்கு அன்றைக்கு வகுப்பு இருந்தது. மத்தியானத்துக்கு முன்னால், அதே பஸ்ஸில் போன தோட்டத்துப் பெண் நல்லம்மா மூச்சிரைக்கப் பள்ளிக்கூடத்துக்கு ஏறி வந்தாள். செக் பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கிப் பை பார்த்தார்களாம். தவமலரின் உறையைத் திறந்தவன் தாளின் அடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்னொருத்தனைக் கூப்பிட்டானாம். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார்கள், பிள்ளையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு நல்லம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதிபர் மாணிக்கவாசகம் தெரிந்தவர்கள் மூலமாகப் பார்ப்போம், அவசரப்பட வேண்டாம் என்றார். சந்திரகாந்தா கேட்கவில்லை. மறுநாள் காலையில் ஆசிரியர் வழிகாட்டிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பிள்ளையை வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்கு நேரே போனாள். தைரியமான காரியந்தான். அந்த வருஷங்களில் அடுத்தவர் பிள்ளைக்காக அந்த வாசற்படி ஏறியவர்கள் எத்தனை பேர்?

உள்ளே இருந்த அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். அவள் சிங்களத்தில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இது பள்ளிக்கூட வேலை, இதோ வழிகாட்டியில் இருக்கிறது, இந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னது நான், விலாசத்தை வெட்டாமல் வைத்திருக்கச் சொன்னதும் நான், குற்றம் என்றால் அது என்னுடையது என்றாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, பிள்ளை நேற்று வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறாளே என்றார். தன் சொந்தக்காரர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தானாகவே தேடி எடுத்ததாகவும், டீச்சரோ வேறு யாருமோ சொல்லவில்லை என்றும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாளாம். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும் என்று கேட்டார்.

அந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். பிள்ளை ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் விடுவார்கள் என்ற நம்பிக்கை அவளுக்குள் வேர்பிடித்துப் போயிருந்தது. நான் சொல்வதுதான் உண்மை, பிள்ளை என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று உறுதியாகச் சொன்னாள். அவர் அதை எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். பிள்ளையை விடவில்லை.

அந்தக் கிழமையே தவமலரைக் கொழும்புப் பக்கம் கொண்டுபோனார்கள். அதன்பிறகு தடுப்புக்காவல், தவணைக்கு மேல் தவணை, ஆள் மாறி ஆள் விசாரணை. டீச்சரை ஒரேயொரு தடவை கூப்பிட்டு விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். நாகமுத்து மாதா மாதம் சம்பளத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். பத்து நிமிஷம் பார்ப்பதற்கு இரண்டு நாள் பயணம். அழகம்மா சிரிப்பதை மறந்துபோனாள். ஆனாலும் இரண்டு பேரும் டீச்சரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இந்த மலையில் எல்லாரும் பயந்து பதுங்கியபோது அந்தம்மா ஒருத்திதான் போய் எங்கள் பிள்ளைக்காகப் பேசினாள் என்று நாகமுத்து லயத்து வரிசை வீடுகளில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கோவிலில் அவள் பெயருக்கும் அர்ச்சனை செய்தார்கள். சந்திரகாந்தாவுக்கு அந்த வருஷங்களில் இருந்த ஒரே ஆறுதல் அதுதான். நம்மால் முடிந்ததைச் செய்தோம், மறைக்கவில்லை, ஓடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அதற்குப் பிறகு அவள் எந்தப் பிள்ளையையும் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. செயற்றிட்டங்களைப் பாடநூலைப் பார்த்து எழுதச் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி எழுதினார்கள்; மேலிடத்துக்கும் அது போதுமாக இருந்தது. றாபியா இன்டர்நெட்டை எடுத்துவிட்டுக் கம்பியூட்டர் இருந்த இடத்தில் அப்பியாசக் கொப்பி அடுக்கினாள். அவளுக்கும் டீச்சருக்கும் பேச்சு நிற்கவில்லை. பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்ததென்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். காத்தாயி குடும்பத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்ல ஆளில்லை. அதற்குச் சில மாதத்துக்குப் பிறகு தவமலரை விட்டார்கள். வழக்கு ஒன்றும் இல்லையாம். இல்லாத ஒன்றுக்காகத்தான் அந்தப் பிள்ளையின் இரண்டு வருஷத்தைத் தின்று ஏப்பம் விட்டிருந்தார்கள்.

சந்திரகாந்தா பரீட்சை விண்ணப்பப் பத்திரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போனாள். வெளிப்பரீட்சார்த்தியாக எழுதலாம், பணம், புத்தகம் எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். அழகம்மா வேலைக்குப் போயிருந்தாள். தவமலர் மட்டும் இருந்தாள். மெலிந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழுந்து, பலகைக் கட்டிலைத் துடைத்து உட்காரச் சொன்னாள். கொழுந்தெடுக்கிறவர்கள் இடுப்பில் கட்டுகிற படங்குத் துணி ஒன்று புதிதாக மூலையில் மடித்து வைத்தபடி இருந்தது. தோட்டத்தில் பேர் பதிந்தாயிற்று, திங்கட்கிழமையில் இருந்து கொழுந்துக்குப் போகிறேன் என்றாள். பரீட்சை எழுதலாமே என்று டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். வாசிக்க உட்கார்ந்தால் எழுத்து நிற்பதில்லை, தலை கிறுகிறுக்கிறது என்று தவமலர் சாதாரணமாகச் சொன்னாள்.

டீச்சர் விண்ணப்பப் பத்திரத்தை வெளியே எடுக்கவில்லை. இவ்வளவு நாளும் நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டாள். அன்றைக்கே என் பெயரைச் சொல்லியிருக்கலாமே, நான் எடுக்கச் சொன்னதுதானே என்றாள்.

"உங்களையும் உள்ள போட்டுருவாங்கன்னுதாங்க" என்றாள் தவமலர். "மொத நாளு யாரும் எம்மேல கை வைக்கலங்க டீச்சர். ஒரு பொம்பள பொலிஸ் சோறு கூட குடுத்தாங்க. படிக்கிற பிள்ள, தெரியாம எடுத்துருச்சு, விட்டுருவோம்னு அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. மறுநா நீங்க வந்து வேற மாதிரி சொல்லிட்டுப் போனீங்களாம். எதுக்குப் பொய் சொன்ன, வேற யாரையெல்லாம் மறைக்கிறன்னு கேட்டாங்க. அதுக்குப் பொறகுதான்."

அதற்குப் பிறகு என்ன என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்பதற்கு எந்தத் தைரியமும் மிச்சம் இருக்கவில்லை.

"நீங்க உண்மையத்தானே சொன்னீங்க. உங்கமேல எனக்கு ஒண்ணும் இல்லங்க" என்று தவமலர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடிபட்டவள் அவள். ஆறுதலும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. சந்திரகாந்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்தப் பெண் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த அழகம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். டீச்சர் எதற்காக அழுகிறார் என்று மகளிடம் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. பரீட்ச எழுதச் சொன்னாங்க. நான் மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள் தவமலர்.